தத்தெடுக்கப் பதிய வருகிறவர்களிடம் நான் கேட்பது

மன்னார்குடியில் தாலுகா ஆபீஸுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்கிற கடை வைத்திருக்கிறேன். பட்டா, வருமானச் சான்று, ஸ்காலர்ஷிப் என்று வருகிறவர்கள்தான் அதிகம். நடுவில் எப்போதாவது ஒரு தம்பதி வந்து கூட்டம் குறையும்வரை ஓரமாக நிற்பார்கள். ஆள் குறைந்ததும் கவுண்டர் மேல் குனிந்து, "அண்ணே, தத்தெடுக்கிறதுக்கும் நீங்க பதிஞ்சு தருவீங்களாமே" என்று மெதுவாகக் கேட்பார்கள். எங்கள் மகள் 2021 பிப்ரவரியில் வந்தாள். அது தெருவுக்கே தெரியும். அதனால் என்னிடம் வருகிறார்கள்.

மத்திய அரசின் தத்தெடுப்பு இணையதளத்தில் பதிகிற வேலைக்கு அரை மணி நேரம் போதும். ஆனால் நான் உடனே கம்ப்யூட்டர் பக்கம் திரும்ப மாட்டேன். டீ சொல்லி உட்காரவைத்துச் சில விஷயங்களைக் கேட்பேன். படிவத்தில் வருமானம் எவ்வளவு என்று இருக்கும். உங்கள் அம்மா என்ன சொல்கிறார் என்று இருக்காது.

இரண்டு பேருக்கும் ஆசையா?

வருகிற ஜோடிகளில் யாராவது ஒருவர்தான் பேசுவார். மற்றவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேசாதவரிடம்தான் நான் முதலில் கேட்பேன். "அவளுக்கு ஆசை, அதான்" என்று பதில் வந்தால், இன்னும் ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று சொல்லிவிடுவேன். சட்டமும் கணவன் மனைவி இருவர் சம்மதத்தையும் கேட்கிறது. திருமணமாகி இரண்டு வருடமாவது நிலையாக வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. தனியாக இருப்பவர்களும் தத்தெடுக்கலாம். ஆனால் தனி ஆணுக்குப் பெண் குழந்தை தர மாட்டார்கள்.

அடுத்தது வைத்தியம். நாங்கள் ஐந்து வருடம் பார்த்தோம். ஃபிரிட்ஜ் கதவில் முட்டை வைக்கிற இடத்தில் ஊசி மருந்து இருக்கும். கடைசி முறையும் நிற்கவில்லை என்று தெரிந்த வாரமே, தத்தெடுத்துவிடலாம் என்று நான் ஆரம்பித்தேன். என் மனைவி, "எனக்கு இன்னும் அழுது முடியலைங்க" என்றாள். ஒரு வருடம் விட்டுத்தான் பதிந்தோம். அவள் சொன்னது சரி என்று எனக்கு மகள் வந்த பிறகுதான் புரிந்தது. வராத குழந்தையை மனசில் வைத்துக்கொண்டு வந்த குழந்தையைத் தூக்கினால் கை கனக்கும்.

இதில் ஒரு பழமொழியும் குறுக்கே வரும். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பதை, "ஒண்ணு எடுத்து வளர்த்தா, உனக்குன்னு ஒண்ணு தானா தங்கும்" என்று திருப்பிச் சொல்வார்கள். அந்த நினைப்போடு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நான் பதிந்து கொடுப்பதில்லை. வேறு கடைக்குப் போயிருப்பார்கள், அது வேறு விஷயம்.

வீட்டுப் பெரியவர்கள்

என் அம்மா முதலில் கேட்டது, "எந்த ஜாதியோ, யாரு பெத்ததோ" என்றுதான். அத்தை கொஞ்சம் இலக்கியமாக, "நூலைப் போல சேலை" என்றார். இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. உங்கள் வீட்டிலும் இதே வார்த்தைதான் வரும். பதிவில் ஜாதி தேர்ந்தெடுக்க இடமே கிடையாது. குழந்தையின் ஜாதியை எப்படியாவது தெரிந்துகொள்ள முடியுமா என்று உங்களுக்கே கேட்கத் தோன்றினால், அங்கேயே நின்றுவிடுங்கள். அம்மாவுக்குத் தோன்றினால் பரவாயில்லை, அதற்குக் காலம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் அந்தக் காலம் சுமார் ஏழு மாதம். வீட்டு ஆய்வுக்கு மாவட்டத்திலிருந்து ஒரு சமூகப் பணியாளர் வந்தார். எங்கள் இருவரிடமும் பேசிவிட்டு, திண்ணையில் பாக்கு இடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் உட்கார்ந்தார். "பேத்தி வந்தா எங்கம்மா படுக்கும்?" என்று கேட்டார். அம்மா உலக்கையை நிறுத்தாமல், "எம் பக்கத்துலதான், வேற எங்க?" என்றார். நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களிடம் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

சொத்துப் பேச்சையும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். தத்து வந்த பிள்ளைக்குப் பெற்ற பிள்ளைக்குரிய எல்லா உரிமையும் உண்டு. உங்களுக்குப் பிள்ளை இல்லை, எல்லாம் தம்பி பிள்ளைகளுக்குத்தான் என்று ஒரு கணக்கு குடும்பத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், தம்பிக்குத் தெரியும்.

சொந்தத்திலேயே எடுத்துக்கொள்ளலாமே என்ற யோசனையும் அப்போது வரும். இந்துக்களுக்கு 1956 ஆம் ஆண்டின் தத்து, ஜீவனாம்சச் சட்டப்படி நேரடியாகச் சுவீகாரம் எடுக்கலாம். பிள்ளைக்குப் பொதுவாகப் பதினைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். ஆண் குழந்தை எடுக்கிறவருக்கு ஏற்கெனவே மகனோ பேரனோ இருக்கக் கூடாது, பெண்ணுக்கும் அப்படியே. பத்திரம் பதிந்துகொள்வது நல்லது. முறைப்படி நடந்த பிறகு ரத்து செய்ய முடியாது. சட்டம் இதில் சுலபம். கஷ்டம் தீபாவளிக்குத்தான் தெரியும். பெற்றவள் பக்கத்துத் தெருவில் இருப்பாள், பிள்ளை உங்களைத் தாண்டி அவளைப் பார்க்கும். அதைத் தாங்குகிற குடும்பங்களும் உண்டு. எங்களால் முடியாது என்று தோன்றியது.

வயதுக் கணக்கும் காத்திருப்பும்

"பிறந்த குழந்தையா வேணும்ணே" என்பார்கள். முதலில் வயதைக் கூட்டுவோம். இப்போதைய விதிப்படி இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைக்குக் கணவன் மனைவி இருவர் வயதும் சேர்த்து 85ஐத் தாண்டக் கூடாது. இரண்டிலிருந்து நான்கு வயது வரை 90, நான்கிலிருந்து எட்டு வரை 100, அதற்கு மேல் பதினெட்டு வரை 110. தனி நபர் என்றால் 40, 45, 50, 55. அவருக்கு 46, மனைவிக்கு 41 என்றால் கூட்டி 87. கைக்குழந்தை கிடையாது, இரண்டு வயதுக்கு மேல்தான். இதைச் சொல்லும்போது முகம் வாடும். வாடட்டும், மூன்று வருடம் கழித்து வாடுவதற்கு இது மேல்.

ஆமாம், மூன்று வருடம். நாங்கள் 2018 ஜனவரியில் பதிந்தோம். குழந்தையைப் பற்றிய தகவல் 2021 ஜனவரியில் வந்தது. வீட்டு ஆய்வு அறிக்கை மூன்று வருடத்துக்குத்தான் செல்லும். எங்களுடையது காலாவதியாக மூன்று மாதமே பாக்கி இருந்தது. இல்லங்களில் அத்தனை குழந்தைகள் இருக்கும்போது ஏன் இப்படி என்று எல்லாரும் கோபப்படுவார்கள். நானும் பட்டேன். இல்லத்தில் இருக்கிற குழந்தைகளில் பலருக்குப் பெற்றோரோ உறவினரோ இருக்கிறார்கள். அவர்களைத் தத்துக் கொடுக்க முடியாது. பெற்றவள் குழந்தைகள் நலக் குழு முன்னால் எழுதிக் கொடுத்து ஒப்படைத்தாலும், மனசு மாறித் திரும்ப வர அறுபது நாள் உண்டு. கண்டெடுத்த குழந்தை என்றால் இரண்டு வயதுக்குள் இரண்டு மாதம், அதற்கு மேல் நான்கு மாதம் பெற்றோரைத் தேடிப் பார்க்க வேண்டும். அறுபதாவது நாள் வரை அவள் வரக்கூடும் என்பதை நினைத்த பிறகு எனக்குக் கோபம் போய்விட்டது.

கொஞ்சம் பெரிய குழந்தை, உடல்நலத்தில் கவனம் தேவைப்படும் குழந்தை, அண்ணன் தங்கையாகச் சேர்ந்து இருப்பவர்கள் என்றால் காத்திருப்பு வெகுவாகக் குறையும். ஆனால் சீக்கிரம் கிடைக்கும் என்பதற்காக அந்தப் பெட்டியில் டிக் அடிக்காதீர்கள்.

"ஒரு நர்ஸ் தெரியும்"

காத்திருப்பு நீளும்போது இந்தப் பேச்சு வரும். இரண்டு வருடம் முன்பு என் கடைக்கு ஒருவர், பிறப்புச் சான்றிதழில் பெயரை மட்டும் மாற்றி டைப் செய்து தர முடியுமா என்று கேட்டு வந்தார். வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆள் இருக்கிறாராம், நாலு லட்சமாம். வாசலைக் காட்டி அனுப்பினேன். 2019இல் ராசிபுரத்தில் குழந்தைக்கு விலை பேசும் ஆடியோ வெளியாகி, ஓய்வு பெற்ற செவிலியர் உட்படப் பலர் கைதானது நினைவிருக்கும். முறைப்படி அல்லாமல் தத்து எடுத்தாலோ கொடுத்தாலோ மூன்று வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் அபராதம் அல்லது இரண்டும். குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்து வருடம் வரை கடுங்காவல். அதைவிடப் பெரியது, எத்தனை வருடம் கழித்து யார் கதவைத் தட்டினாலும் பிள்ளையைக் கொடுத்துவிட வேண்டியதுதான். யாராவது குழந்தையைக் கண்டெடுத்தேன், வைத்திருக்கிறேன் என்றால் 1098க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சிலர் கேட்பார்கள். சேலத்தில் 1992இல் தொடங்கியது. அந்தத் தொட்டிலில் விட்ட குழந்தையும் இதே வரிசை வழியாகத்தான் வரும். நேரில் போய்த் தேர்ந்தெடுக்க முடியாது. எல்லாமே காரா என்கிற மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளம்தான்.

காகிதங்கள்

இது என் பேட்டை, ஆனாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். பான் கார்டு, குடும்பப் புகைப்படம், வயதுச் சான்று, முகவரிச் சான்று, வருமானச் சான்று, தொற்றுநோயோ உயிருக்கு ஆபத்தான நோயோ இல்லை என்று டாக்டர் தரும் சான்று, திருமணச் சான்று, உங்களை அறிந்த இருவரின் கடிதம். பதிந்த முப்பது நாளுக்குள் ஏற்ற வேண்டும்.

நம் ஊரில் எல்லாரும் மாட்டிக்கொள்வது இனிஷியலில். மனைவியின் மார்க் ஷீட்டில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல், பான் கார்டில் அப்பா பெயரே முழுசாக முன்னால் வந்து நிற்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பத்து வருடம் முன்பு மண்டபத்தில் நடந்த கல்யாணத்தை இன்றுவரை பதிவே செய்திருக்க மாட்டார்கள். இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டுப் பிறகு பதியுங்கள், முப்பது நாளில் முடிகிற வேலை இல்லை.

செலவு: நாங்கள் வீட்டு ஆய்வுக்கு 6,000, இல்லத்துக்கு 40,000 கட்டினோம். பிறகு இரண்டு வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கிறார்கள், அதற்கு முறைக்கு 2,000. தொகை மாறக்கூடியது, விதிகளின் கடைசியில் அட்டவணையாக இருக்கும், அதைப் பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் யார் கேட்டாலும் ரசீது கேளுங்கள். பெரிய செலவு வேறு. என் மனைவி தனியார் பள்ளியில் வேலை பார்த்தாள். தத்தெடுக்கும் தாய்க்குப் பன்னிரண்டு வாரம் விடுப்பு என்று அப்போது சட்டம் இருந்தது, ஆனால் குழந்தை மூன்று மாதத்துக்குள் இருந்தால்தான். எங்கள் மகளுக்குப் பதினான்கு மாதம். நான்கு மாதம் சம்பளமில்லாமல் இருந்தாள். அதற்கென்று முன்கூட்டியே கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தோம்.

48 மணி நேரம்

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் செல்போனில் குறுஞ்செய்தி வந்தது. திறந்தால் ஒரு போட்டோ, குழந்தை பற்றிய அறிக்கை, மருத்துவ அறிக்கை. அந்தக் குழந்தையை எங்களுக்கென்று ஒதுக்கிக்கொள்ள 48 மணி நேரம். மூன்று வருடமாக நகராதது, இப்போது இரண்டு நாளில் முடிவு.

இந்த நேரத்துக்காக ஒரு குழந்தை மருத்துவரை முன்பே பார்த்துப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன். நாங்கள் வைத்திருந்தோம். அறிக்கையை என் கடையிலேயே பிரின்ட் எடுத்து, ஷட்டரை இறக்கிவிட்டு ஓடினேன். பிறந்தபோது எடை 1.9 கிலோ என்று இருந்ததைப் பார்த்து நான் பயந்திருந்தேன். டாக்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மாதாமாதம் எடுத்த எடையையும் தலைச் சுற்றளவையும் பேனாவால் தொட்டுத் தொட்டு வந்தார். எப்போது தலை நின்றது, எப்போது உட்கார்ந்தாள், சத்தத்துக்குத் திரும்புகிறாளா என்று பார்த்தார். முதுகில் நீலத் திட்டு என்று எழுதியிருந்ததை நான் அடிபட்ட காயமோ என்று கேட்டேன். நம் குழந்தைகளில் பாதிப் பேருக்கு இருக்கும், தானே மறையும் என்று சிரித்தார். ரத்தப் பரிசோதனைகளில் எச்ஐவி, மஞ்சள் காமாலை பி இரண்டின் தேதியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மறுத்துவிட்டால் தப்பா என்று கேட்டேன். "உங்களால முடியாததை முடியாதுன்னு சொல்றது தப்பில்லை, போட்டோவைப் பார்த்துட்டு முடியும்னு சொல்றதுதான் தப்பு" என்றார்.

போட்டோவை அம்மாவிடம் அன்று காட்டவில்லை. முடிவு செய்தபிறகுதான் காட்டினோம்.

முதல் நாட்கள்

குழந்தை ஆந்திராவில் ஓர் இல்லத்தில் இருந்தாள். வாடகைக் காரில் போனோம். கொரோனா காலம், அங்கே ஆயாக்கள் எல்லாரும் மாஸ்க் போட்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்க்கட்டும் என்று நான் மாஸ்க்கை இறக்கியதும் வீறிட்டாள். முழு முகம் அவளுக்குப் பழக்கமில்லை.

கிளம்பும் முன் ஆயாக்களிடம் கேட்க வேண்டியதை எழுதி எடுத்துப் போங்கள். எந்தப் பால் பவுடர், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் படுப்பாள், விளக்கு எரியுமா அணையுமா. ஒரு சமூகப் பணியாளர் சொல்லி, அவள் படுத்திருந்த துணியைத் துவைக்காமல் கேட்டு வாங்கினோம். மனைவி அதைத் தோளில் போட்டுக்கொண்டுதான் முதல் பத்து நாள் தூங்க வைத்தாள். அந்தச் சோப்பு வாசம் போகக் கூடாது என்று நான் காவல் காத்தேன். அம்மா இரண்டு முறை எடுத்து ஊற வைக்கப் பார்த்தார். பாலுக்கு "பாலு" என்றாள், அது புரிந்தது. "ஜோ... ஜோ" என்று சொன்னால் கண் சொருகும் என்று ஆயா சொல்லியிருந்தார். எங்கள் ஆராரோ அவளிடம் எடுபட இரண்டு மாதம் ஆனது.

இரவில் விழிப்பாள், அழ மாட்டாள். இருட்டில் கண்ணைத் திறந்துகொண்டு சும்மா படுத்திருப்பாள். எவ்வளவு சமத்து என்று அத்தை மெச்சினார். டாக்டர் மெச்சவில்லை. அழுதால் உடனே ஆள் வரும் என்று அந்தக் குழந்தைக்கு இன்னும் தெரியாது என்றார். பிஸ்கட்டைக் கையில் பிடித்தபடியே தூங்குவாள், எடுத்தால் விழித்துவிடுவாள். மார்ச் மாதத்தில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு வீடே அதிர அழுதாள். நானும் மனைவியும் எழுந்து உட்கார்ந்து சிரித்தோம்.

முதல் மாதம் சொந்தக்காரர்கள் கூட்டமாக வந்து ஆளுக்கொருவர் தூக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்வார்கள். எங்களுக்குக் கொரோனா உதவியது, உங்களுக்கு வேறு காரணம் வேண்டும்.

தத்து உத்தரவு எங்களுக்கு நீதிமன்றத்தில் வந்தது. 2022 செப்டம்பரிலிருந்து மாவட்ட ஆட்சியரே தருகிறார். அதுவரை குழந்தை வளர்ப்புப் பராமரிப்பு என்ற கணக்கில் உங்களிடம்தான் இருக்கும். உத்தரவு வந்ததும் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் என்று உங்கள் பெயரே வரும்.

தவிட்டுக்கு வாங்கின கதை

"உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்" என்று சொல்லாத வீடு நம் பக்கம் உண்டா? எனக்கு அக்கா சொன்னாள், நான் தம்பிக்குச் சொன்னேன். குழந்தைகள் தங்காத வீட்டில் பிறந்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்று வாங்குவது பழைய வழக்கம். அதிலிருந்து வந்த கேலி. எங்கள் வீட்டில் மகள் வருவதற்கு முன்பே அந்த வார்த்தைக்குத் தடை போட்டோம். தம்பி பிள்ளைகளையும் கேலி செய்யக் கூடாது என்று சொல்லி வைத்தோம். இந்தத் தயாரிப்பு எந்தப் படிவத்திலும் இல்லை.

சொல்லாமலே வளர்த்துவிடலாமா என்று கேட்கிறவர்கள் நிறைய. முடியாது. ஊருக்குத் தெரியும், பள்ளிக்கூட ஆயாவுக்குத் தெரியும், கல்யாண வீட்டில் ஒரு கிழவி சொல்லிவிடும். நாங்கள் அவளுக்குப் பேச்சு வராத நாளிலிருந்தே சொல்கிறோம்: கார்ல போய் உன்னைக் கூட்டிட்டு வந்தோம், நீ அப்பாவைப் பார்த்து வீறிட்டே. அவளுக்கு அந்தக் கதையில் என் மூக்கைப் பார்த்துப் பயந்த இடம்தான் பிடிக்கும். இப்போது ஒன்றாம் வகுப்பு. போன மாதம், "நான் யார் வயித்துல இருந்தேன்?" என்று கேட்டாள். "வேற ஒரு அம்மா வயித்துல. அவங்களால வளர்க்க முடியலை" என்றாள் மனைவி. "அவங்க பேரு?" "எங்களுக்குத் தெரியாதும்மா." சரி என்று விளையாடப் போய்விட்டாள். நாங்கள் இருவரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம். உன்னைக் காப்பாற்றினோம் என்றும் சொல்லவில்லை, பெற்றவளைக் குறை சொல்லவும் இல்லை. பதினெட்டு வயதானால் தன் வேரைத் தேட மகளே விண்ணப்பிக்கலாம்; அதற்கு முன்பு என்றால் எங்களோடு சேர்ந்து. அதனால் எல்லாக் காகிதத்தையும், அந்தத் துணியையும், ஒரே பெட்டியில் வைத்திருக்கிறேன்.

அவள் எப்படி இல்லத்துக்கு வந்தாள் என்பது அறிக்கையில் இரண்டு வரி இருக்கிறது. அதை என் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

இவ்வளவும் பேசிய பிறகும் பதியத்தான் வேண்டும் என்கிறவர்களிடம் கடைசியாக செல்போன் நம்பர் கேட்பேன். அதற்குத்தான் அந்தச் செய்தி வரும். மூன்று வருடம் அந்த சிம்மை உயிரோடு வைத்திருங்கள். ரீசார்ஜ் விட்டுப்போய் நம்பர் வேறொருவருக்குப் போன கதையெல்லாம் என் கடையில் தினம் பார்க்கிறேன். மெயில் ஐடி உங்கள் பெயரில் இருக்கட்டும், பாஸ்வேர்டை ரேஷன் கார்டு கவரில் எழுதி வையுங்கள். மெயில் இல்லையே அண்ணே, கடை ஐடியையே போட்டுவிடுங்கள் என்பார்கள். மற்ற விண்ணப்பத்துக்குப் போடுவேன். இதற்கு மாட்டேன்.